பளபளக்காத பிரிண்ட் வேலூர் பக்கம் எங்கே கிடைக்கும்?

குடியாத்தத்தில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். ஓவியர்கள் மரணத்தை எப்படி வரைந்தார்கள் என்று மாணவர்களுக்காகச் சின்னக் கண்காட்சி வைக்கிறோம். புரூகலின் எலும்புக்கூட்டுப் படை, தன் தோளுக்குப் பின்னால் மரணம் பிடில் வாசிப்பதாக 1872இல் பொக்லின் வரைந்த சுயஉருவம் எல்லாம் ஃப்ளெக்ஸில் நன்றாகவே வந்துவிட்டன.

சிக்கல் ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதர்கள்' படத்தில்தான். இரண்டு பேரின் காலடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று சாய்வாக நீண்டு கிடக்கும். வலப்பக்கம் சுவரை ஒட்டி நின்று பார்த்தால்தான் அது மண்டை ஓடு என்று தெரியும். பிள்ளைகள் கத்தப்போவதே அந்த இடத்தில்தான்!

கடையில் முதலில் 6க்கு 4 அடியாக இழுத்து அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மூலப்படமோ கிட்டத்தட்டச் சதுரம், 207க்கு 209.5 செ.மீ. சண்டை போட்டு 4க்கு 4 அடியில் மறுபடி வாங்கினேன். போனில் படத்தைச் சாய்த்தால் ஓடு தெரிகிறது, ஃப்ளெக்ஸில் பக்கவாட்டில் பார்த்தால் வெறும் பளபளப்பு. டியூப்லைட்டை அணைத்தேன், ஜன்னலை மூடினேன், எதிர்ச்சுவருக்கும் மாற்றிப் பார்த்தாச்சு. மேட் லேமினேஷன் சுருங்கி இன்னும் மோசம். அடுத்த வாரம் கண்காட்சி. சென்னை போக நேரமில்லை.

வேலூர், காட்பாடி, ஆம்பூர் பக்கம் பளபளப்பில்லாத கேன்வாஸ் துணியில் 4 அடி அகலத்துக்கு அச்சடித்துத் தரும் இடம் யாருக்காவது தெரியுமா?