கேமராவோடு முதல் வெளிநாட்டுப் பயணம்: உங்களுக்கு என்ன நடந்தது?

நாகர்கோவில்

மைத்துனன் அடுத்த மாதம் முதல்முறையாக வெளிநாடு போகிறான். கேமரா கையில் இருந்தால் சோறு தண்ணீர் மறந்துவிடுவான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுடையதையும் சொல்லுங்கள், அப்படியே வாசிக்கக் கொடுப்பேன்.

எனக்கு இலங்கை. சிகிரியா பாறைக்கோட்டை ஏறும் வழியில் அந்தச் சுழல் படிக்கட்டு வருமே, பாறைக் குடைவில் ஓவியங்கள் இருக்கும் இடம். அங்கே படம் எடுக்கக் கூடாது. பத்மநாபபுரம் அரண்மனையில் கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்கிப் பழகியவன் நான். பிளாஷ் போடாமல் எடுத்தால் என்ன வந்துவிடும் என்று ஒன்று எடுத்தேன். காவலர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து நின்று, நான் அழிக்கும்வரை கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழித்ததும் மெதுவாகத் தலையசைத்துவிட்டுப் போனார். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே இறங்கும்வரை என்னோடு பேசவில்லை. 1967ல் அந்த ஓவியங்கள் மேல் யாரோ பெயிண்ட் ஊற்றி நாசம் செய்ததாகப் பிறகு படித்தேன். அந்தக் காவலரின் தலையசைப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மார்த்தாண்டம்

எனக்குத் திரும்பி வரும்போதுதான். சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினோம், ராத்திரி ஒரு மணி. கழுத்தில் கேமரா, பையில் மூன்று லென்ஸ். சுங்கத்தில் நிறுத்தி, எங்கே வாங்கியது, பில் இருக்கிறதா என்றார்கள். எல்லாம் இங்கே வாங்கியது, பில் வீட்டு அலமாரியில். அம்மாவை எழுப்பினேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. கையில் கிடைத்த தாளையெல்லாம் போனில் எடுத்து அனுப்பினார்: கேஸ் பில், வீட்டுவரி ரசீது, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். எட்டாவதாக வந்ததுதான் கேமரா பில். ஒவ்வொன்றுக்கும் “இதுவா மக்கா, இதுவா” என்று கேட்ட அந்தக் குரலை மறக்க முடியவில்லை. எழுபது வயதில் அந்த நேரத்தில் அவரை ஏன் அலைக்கழித்தேன்?

இதற்கு வழி இருக்கிறது. புறப்படும் அன்றைக்கே விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் கேமராவையும் லென்ஸையும் காட்டி, வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது அதைக் காட்டினால் போதும். அதற்கென்று ஒரு மணி நேரம் முன்னதாகப் போகச் சொல்லுங்கள்.

குளச்சல்

நானும் இலங்கைதான். கொக்கலையில் கடலுக்குள் கம்பு நட்டு அதில் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள், எல்லாரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரம் நின்று ஜூம் போட்டு எடுத்தேன். ஒருவர் இறங்கித் தண்ணீரில் நடந்துவந்து கையை நீட்டினார். காசு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் தாத்தா கட்டுமரத்தில் போனவர், எங்கள் கரையில் யாரும் படத்துக்குக் காசு கேட்டதில்லை. முடியாது என்று வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து படத்தைப் பெரிதாக்கினேன். மீன் போடும் பை கம்பில் தட்டையாகத் தொங்குகிறது. ஒரு மீன்கூட இல்லை. கடலுக்குப் போய் வெறும் கையோடு வருவது என்னவென்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரிலும் அந்தக் கரையிலும் ஏறியது ஒரே கடல்தான். கொடுத்திருக்கலாம். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

தக்கலை

குளச்சல் தம்பி சொல்வதை என்னால் ஏற்க முடியாது. காசு கொடுத்துக் கொடுத்துத்தான் தொழில் போய் வேஷம் மட்டும் மிஞ்சுகிறது. சரி, அதை விடுங்கள்.

எனக்கு மலேசியா. பத்துமலை முருகன் கோவிலில் விடியற்காலை. ஏசி அறையிலிருந்து நேரே கிளம்பி, 272 படிக்கும் முன்னால் நின்று கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி மூடிக்கிடக்கிறது. முருகன் சிலைமேல் முதல் வெயில் விழுந்த அந்தப் பத்து நிமிடமும் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது.

மைத்துனருக்குச் சொல்லுங்கள். கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். நீர் கோப்பது கவருக்கு வெளியே நின்றுவிடும். உதிரி பேட்டரியைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடுங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் மூன்று சதுரப் பின் உள்ள பிளக், நம்முடைய உருண்டைப் பின் நுழையாது. கேமராக் கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள், அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மாற்றாவிட்டால் போனில் எடுத்ததும் கேமராவில் எடுத்ததும் வரிசை கலைந்துவிடும். கார்டை அழிக்காதீர்கள், நாளுக்கு ஒரு கார்டு. டிரோன் வேண்டவே வேண்டாம், பல நாடுகளில் முன்கூட்டியே அனுமதி வேண்டும், இலங்கை, நேபாளம் உட்பட. புது லென்ஸ் வாங்கிக்கொண்டு உடனே பயணம் போகாதீர்கள், இரண்டு வாரம் முட்டம் பாறையிலும் மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் கை பழகட்டும்.

குளச்சல்

அண்ணே, வேஷம் என்கிறீர்கள். அந்த வேஷத்தைத்தானே நான் எடுக்கப் போனேன்? எடுத்த பிறகு காசு இல்லை என்பது எப்படிச் சரியாகும்? கேமராவைத் தூக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது.

இரணியல்

கேட்டுவிட்டு எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தம்பி துபாயில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறான். போன டிசம்பரில் கூட்டிப்போனான். சாயங்காலம் கிரீக் என்கிற உப்பங்கழியில் ஆள் ஏற்றிப்போகும் அப்ரா படகு. எதிரே ஒரு அம்மா, மடியில் குழந்தை, தண்ணீரில் பட்டுத் தெறித்த மஞ்சள் வெயில் குழந்தையின் முகத்தில். எடுத்துவிட்டேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். தம்பி என் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கினான். சம்மதம் இல்லாமல் ஆளைப் படம் எடுப்பது அங்கே சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அழிக்கும் பொத்தான் எது என்று தெரியாமல் அவன் விரல் நடுங்கியது. நான்தான் கையைப் பிடித்துக் காட்டினேன். அரபியில் என்னவோ திரும்பத் திரும்பச் சொன்னான், குனிந்து குனிந்து. அவர் உட்கார்ந்துவிட்டார். கரை ஏறியதும், “அக்கா, ஒரு புகார் போதும், என் வேலை போயிடும்” என்றான். அதன்பிறகு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

நாகர்கோவில்

மைத்துனன் எல்லாவற்றையும் வாசித்துவிட்டான். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறான். கேமரா பில்லைக் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறான். இரணியல் அக்கா, தம்பி இப்போது பேசுகிறாரா?

இரணியல்

பேசுகிறான். போன வாரம் அதே படகுத்துறையிலிருந்து ஒரு படம் அனுப்பினான். தண்ணீரும் படகும் மட்டும்தான், ஆள் யாரும் இல்லை.