வேர்டில் எடுத்த பிடிஎஃப் 31 எம்பி வருகிறது, 5 எம்பிக்குள் கொண்டுவர வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். 40 பக்கத்துக்கு மேல் போகும் திட்ட அறிக்கை, வேர்டில் செய்தது. பிடிஎஃப் எடுத்தால் 31 எம்பி. 5 எம்பியைத் தாண்டினால் அப்லோட் ஆகாது. படங்களை எல்லாம் மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கித்தான் வைத்திருக்கிறேன். தமிழ் ஃபான்ட்தான் காரணமோ? கொஞ்சம் அவசரம், யாராவது சொல்லுங்கள்.

பதில்:
ஃபான்ட்டை விடுங்கள். பெரும்பாலும் நீங்கள் பயன்படுத்திய எழுத்து வடிவங்கள் மட்டும்தான் பிடிஎஃப்புக்குள் போகும், அது பெரிய இடம் பிடிக்காது. 31 எம்பி என்றால் படங்கள்தான். மூலையைப் பிடித்து இழுத்தால் பார்வைக்கு மட்டுமே சிறிதாகும். 4000 × 3000 பிக்சல் போட்டோ 4 அங்குல அகலத்தில் நின்றாலும் ஃபைலுக்குள் முழுசாகவே கிடக்கலாம். 150 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல்) போதும் என்றால் அந்த இடத்துக்கு 600 × 450 பிக்சலே தாராளம்.

எது கனம் என்று முதலில் பாருங்கள். டாக்எக்ஸ், அதாவது உங்கள் வேர்ட் ஃபைல், உள்ளுக்குள் பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் ஃபைல்தான். ஒரு காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறங்கள். வேர்ட் ஃபோல்டருக்குள் மீடியா என்று ஒன்று இருக்கும். அதில் ஃபைல்களை அளவுப்படி அடுக்கிப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். முதலில் நிற்பது 11 எம்பி பிஎன்ஜி படம், கையெழுத்துக்காகச் செய்த ஸ்கேன். கையெழுத்தை மட்டும் கிராப் செய்துதான் வைத்திருந்தேன், ஆனால் முழு ஏ4 பக்கமும் வருகிறதே! முகவரி, போன் நம்பர் எல்லாம் தெரிகிறது.

பதில்:
கிராப் மறைக்கும், வெட்டாது. அந்த டாக்எக்ஸ் யார் கைக்குப் போனாலும் கிராப்பைத் திரும்ப விரித்து மீதிப் பக்கத்தைப் படித்துவிடலாம். அளவை விட இதுதான் எனக்குக் கவலை, இதை உடனே சரி செய்யுங்கள்.

ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, பிக்சர் ஃபார்மேட்டில் கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் போங்கள். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்பதில் டிக்கை எடுங்கள், 'கிராப் செய்த பகுதிகளை நீக்கு' என்பதில் டிக் இருக்கட்டும், 150 பிபிஐ வையுங்கள். அப்புறம் சேவ் ஆஸில் பிடிஎஃப் கொடுக்கும்போது மினிமம் சைஸைத் தேர்ந்தெடுங்கள். ஒரிஜினல் டாக்எக்ஸைத் தனியாக வைத்துக்கொண்டு காப்பியில் செய்யுங்கள். சேவ் செய்து மூடிய பிறகு பழைய பிக்சல்கள் திரும்பி வராது.

இன்னொருவர்:
லிப்ரேஆஃபிஸ் (வேர்ட் மாதிரி இலவச மென்பொருள்) இருந்தால் இன்னும் சுலபம். எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்பில் ஜேபெக் தரம் 90, 300 டிபிஐ (இங்கே பிபிஐ மாதிரிதான்) என்று இருப்பதை 75, 150 என்று குறைத்தால் போதும், மூல ஃபைலைத் தொடவே வேண்டாம். தமிழ் வரிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்து, முகவரி உள்ள ஃபைலை ஆன்லைன் கம்ப்ரெஸ் தளங்களில் ஏற்றாதீர்கள்.

கேட்டவர்:
வேர்டிலேயே செய்தேன், 3.4 எம்பி! ரொம்ப நன்றி. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டாக ஒட்டிய வரைபடங்களில் சின்ன எழுத்துகள் மங்கலாகிவிட்டன.

பதில்:
ஒரிஜினலிலிருந்து இன்னொரு காப்பி எடுங்கள். போட்டோக்களையும் ஸ்கேனையும் மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, 'இந்தப் படத்துக்கு மட்டும்' டிக்குடன் கம்ப்ரெஸ் செய்யுங்கள். வரைபடங்களைத் தொடாதீர்கள். கோடும் எழுத்தும் உள்ள பிஎன்ஜி எப்படியும் சிறியதாகத்தான் இருக்கும். பிடிஎஃப் எடுக்கும்போது மினிமம் சைஸுக்குப் பதில் ஸ்டாண்டர்ட் கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கு இன்னும் 1.6 எம்பி இடம் இருக்கிறது.