மும்மடிச் சிப்பியும் முப்பது குரோமோசோமும்

நுண்ணோக்கி:
"2008-இல் பிரான்சில் சிப்பிக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்ததற்கு, ஆய்வகத்தில் மரபணு மாற்றிய மும்மடிச் சிப்பிகளே காரணம்" என்று கடலோடி நேற்று இங்கே எழுதியிருக்கிறார். (செல்லில் இரண்டு தொகுதிக் குரோமோசோம் இருந்தால் இருமடி, அதுதான் வழக்கம்; மூன்று தொகுதி இருந்தால் மும்மடி.) படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கொன்றது ஹெர்பெஸ் குடும்பத்து வைரஸின் புதிய வகை. கடல்நீர் 16 டிகிரியைத் தொட்டதும் பரவியது. கடலில் தானாகப் பிறந்த இருமடிக் குஞ்சுகளும் செத்தன. அவற்றை எந்த ஆய்வகம் பெற்றெடுத்தது?

கடலோடி:
இயற்கை சிப்பிக்குக் கொடுத்தது 20 குரோமோசோம். மும்மடிக்கு 30. கூடுதலாக இருக்கும் பத்து எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு வைரஸ் பக்கம் போங்கள்.

நுண்ணோக்கி:
அதே இனச் சிப்பியின் குரோமோசோம்கள்தான் ஐயா, ஒரு தொகுதி கூடுதல். வேற்று உயிரின் மரபணு ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001/18 ஆணையே, குரோமோசோம் தொகுதிகளைக் கூட்டும் பன்மடியாக்கத்தை மரபணு மாற்றக் கணக்கில் சேர்க்கவில்லை. முதலில் சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொண்டு பேசலாமே.

கடலோடி:
பொருள் எனக்கு வேண்டாம், எண் போதும். 20 எப்படி 30 ஆயிற்று? சைட்டோகலாசின் என்னும் பூஞ்சை நஞ்சில் முட்டைகளை நனைத்துத்தானே தொடங்கினார்கள்? ஆணை எழுதியவர்கள் அதைச் சாப்பிடட்டும்.

லா ரொஷேல்வாசி:
அந்த மருந்து முறை பழைய கதை. 1994-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சிமிங் குவோவும் ஸ்டாண்டிஷ் ஆலனும் நான்மடிச் சிப்பியை உருவாக்கியதை வெளியிட்டார்கள். அதன் விந்தை இருமடியின் முட்டையோடு சேர்த்தால் மும்மடி பிறக்கிறது. குஞ்சுகளை எந்த மருந்திலும் நனைப்பதில்லை. நம் ஊர்ப் பூவனும் ரஸ்தாளியும் மும்மடிதான், 33 குரோமோசோம். கடலோடி வீட்டில் வாழைப்பழம் வாங்குவதில்லையா?

கடலோடி:
வாழை தானாக அப்படி ஆயிற்று. யாரும் ஆய்வகத்தில் வைத்து ஆக்கவில்லை. அந்த நான்மடித் தந்தையை உருவாக்க முதலில் எதில் நனைத்தார்கள் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். 30 என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

முத்துநகர்வாசி:
இடையில் ஒரு வார்த்தை. நீங்கள் எல்லோரும் சிப்பி சிப்பி என்கிறீர்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் தின்னும் வகைக்குப் பெயர் ஆளி. சிப்பி என்றால் எங்களுக்கு முத்துச்சிப்பி. இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை 1973-இல் எடுத்தது எங்கள் ஊரில். பெயரையே தவறாகச் சொல்பவர்கள் குரோமோசோம் எண்ணுகிறீர்கள்.

நுண்ணோக்கி:
பெயர்ச் சண்டைக்கு இப்போது நேரமில்லை.

முத்துநகர்வாசி:
உங்களுக்கு எப்போதுமே எங்கள் ஊருக்கு நேரம் இருந்ததில்லை. இறால் வெள்ளைப்புள்ளி நோய் விவாதத்தில் நான் எழுதியதையும் படிக்காமல்தான் பதில் எழுதினீர்கள். மறக்கவில்லை.

கடலோடி:
அந்த விவாதத்திலும் இவர் இதே தோரணைதான். சரி, என் கவலையைச் சொல்கிறேன். கோடையில் இருமடிச் சிப்பி விந்தும் முட்டையுமாகப் பால் கட்டிக் கிடக்கும். மும்மடி சதைப்பற்றோடு இருக்கும், சீக்கிரம் வளரும். அதனால் வியாபாரிக்குக் கொண்டாட்டம். ஆனால் அது ஏறக்குறைய மலடு. வளர்ப்பவன் ஆண்டுதோறும் குஞ்சு பொரிப்பகத்தின் வாசலில் போய் நிற்கவேண்டும். தாத்தா காலத்தில் கடலில் ஓடு கட்டித் தொங்கவிட்டு, வந்து ஒட்டும் குஞ்சைப் பிடித்தவன், இன்று விலை கொடுத்து வாங்குகிறான். அதோடு, தின்பவனுக்கு அது மும்மடி என்று தெரிவிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. 30 என்று சீட்டில் அச்சிட ஏன் பயம்?

லா ரொஷேல்வாசி:
சீட்டில் போடவேண்டும் என்பதை நானும் கேட்பவன்தான். ஆனால் நீங்கள் தொடங்கியது சீட்டைப் பற்றியா, சாவைப் பற்றியா?

நுண்ணோக்கி:
சாவைப் பற்றி! வைரஸ் முதலில் சிப்பியின் இரத்த அணுக்களைத் தாக்கி எதிர்ப்பாற்றலை ஒடுக்குகிறது, பிறகு பாக்டீரியாக்கள் நுழைந்து கொல்கின்றன என்று 2018-இல் ஆய்வு வந்தது. நோயைத் தாங்கும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தால் அடுத்த தலைமுறையில் பிழைப்பவை கூடுகின்றன. சிட்னிக்கு அருகே ஜார்ஜஸ் ஆற்றில் 1994-இல் வேறொரு ஒட்டுண்ணி நோய் சிப்பித் தொழிலையே சாய்த்தது. அங்கும் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தைத்தான் கையில் எடுத்தார்கள். மரபியல் இந்தத் தொழிலுக்கு எதிரி அல்ல. இதைப் படித்துவிட்டாவது பேசுங்கள்.

கடலோடி:
தேர்ந்தெடுப்பதை நான் எங்கே எதிர்த்தேன்? தேர்ந்தெடுத்தால் 20 என்பது 20-ஆகவே இருக்கிறது. நீங்கள் பேச்சை எங்கெங்கோ திருப்புகிறீர்கள்.

நுண்ணோக்கி:
திருப்புவது நீங்கள். கடலில் பிறந்த இருமடிக் குஞ்சுகள் ஏன் செத்தன? மூன்றாம் முறை கேட்கிறேன்.

கடலோடி:
நான் ஐந்தாம் முறை கேட்கிறேன். 30.

முத்துநகர்வாசி:
ஆளி என்று எழுதிவிட்டுக் கேளுங்கள்.