சர்ச் ஃபர்ஸ்ட் ஸ்கூல்ல பிள்ளையைப் படிக்க வச்சவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

விண்ட்சர் அம்மா:
மனசுல போட்டு வச்சு வச்சு முடியலை, எழுதிடறேன். மகள் ரிசெப்ஷன்ல (நாலு வயசு வகுப்பு) இருந்து இயர் 4 வரைக்கும் இங்க ஒரு சர்ச் ஆஃப் இங்கிலாண்ட் ஃபர்ஸ்ட் ஸ்கூல், அதாவது ஒன்பது வயசு வரைக்குமான சர்ச் பள்ளி. ஒவ்வொரு பேரண்ட்ஸ் ஈவினிங்லயும் பத்து நிமிஷம், ஒரே பதில்: "எக்ஸ்பெக்டட் லெவல்ல இருக்கா, கவலைப்படாதீங்க." நானும் கவலைப்படலை.

போன ஜூலை கடைசி நாள் நோட்டெல்லாம் பையில போட்டுக் கொடுத்து விட்டாங்க. ராத்திரி அடுப்படியில உட்கார்ந்து புரட்டினேன். செப்டம்பர்ல நாயைப் பத்தி ஒரு கதை. சின்ன 'டி' (d) போட வேண்டிய இடமெல்லாம் 'பி' (b). டாக் எல்லாம் பாக். பக்கத்துல பச்சை மையில டிக், ஒரு சிரிச்ச முகம். ஜூன் பக்கத்துக்குப் போனா அங்கேயும் அதே பாக், அதே பச்சை டிக்.

அன்னிக்குக் காலையிலதான் சர்ச்சுல லீவர்ஸ் சர்வீஸ், பள்ளியை விட்டுப் போற பிள்ளைங்களுக்கான வழிபாடு. அந்த டீச்சர் என் மகளைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. மனசார அழுதாங்க, எனக்குத் தெரியும். அவ்வளவு பாசம் வச்சவங்க கண்ணுல இது எப்படிப் படாமப் போச்சு? அடுத்த பள்ளியான மிடில் ஸ்கூல்ல சேர்ந்த மூணாவது வாரமே கூப்பிட்டு, எழுத்தைத் திருப்பிப் போடறான்னு சொல்லிட்டாங்க.

ரெடிச் அப்பா:
எங்களுக்கு நேர்மாறா நடந்தது. இயர் 4ல வாய்ப்பாட்டு டெஸ்ட் வருமே, 25 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 6 செகண்ட். பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தாலே உறைஞ்சு போவான். பயிற்சி நேரத்துல உதட்டுக்குள்ள ஏதோ முணுமுணுத்திருக்கான். டீச்சர் குனிஞ்சு காதைக் கொடுத்துக் கேட்டிருக்காங்க. "ஏழெட்டு ஐம்பத்தாறு." எங்க அம்மா வாட்ஸ்ஆப்ல சொல்லிக் கொடுத்தது. மறுநாள் அவனையே முன்னாடி நிறுத்தி, அந்த ராகத்தை வகுப்புக்கே சொல்லச் சொன்னாங்களாம். அன்னிக்குச் சாயங்காலம் அவன் நடந்து வந்த நடையை நான் மறக்கவே மாட்டேன். பிள்ளை என்ன முணுமுணுக்குதுன்னு குனிஞ்சு கேட்கிற ஸ்கூல்தான் நல்ல ஸ்கூல்.

விம்போர்ன் தங்கச்சி:
ரெடிச் அண்ணா, குறை நினைக்காதேங்கோ. வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தது உங்கட அம்மா. பேர் மட்டும் பள்ளிக்கூடத்துக்கோ? அக்கா கேட்டது வேற விசயம்.

என்ட கதை சின்னன். மகன் சாப்பாட்டுக்கு முன்னால கண்ணை மூடி "ஆமென்" எண்டு சொன்னான். மாமி கரண்டியைக் கீழ வைச்சிட்டா. பள்ளிக்கூடத்தில கும்பிடுற நேரத்தில பிள்ளையை வெளிய எடுக்கச் சட்டத்தில உரிமை இருக்கு, எடுங்கோ எண்டு ஆக்கள் சொல்லிச்சினம். நான் எடுக்கேல்லை. ஆனா அந்தக் கரண்டிச் சத்தம் இன்னும் காதுக்குள்ள கிடக்கு.

முன்னாள் கவர்னர்:
நான் ஒரு ஃபர்ஸ்ட் ஸ்கூல்ல நாலு வருஷம் பேரண்ட் கவர்னரா (பள்ளி நிர்வாகக் குழுவுல பெற்றோர் பிரதிநிதி) இருந்தேன். என் பொண்ணு நல்லாவே படிச்சா, அதுல சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா புதுசா சேர்க்கப் போறவங்க கொஞ்சம் கேட்டுக்கங்க.

விண்ட்சர், ரெடிச் மாதிரி சில ஊர்கள்லதான் இந்த மூணு அடுக்கு முறை (ஃபர்ஸ்ட், மிடில், அப்பர் ஸ்கூல்) மிச்சம். பக்கத்துல மெய்டன்ஹெட்லகூடக் கிடையாது. இதுல பெரிய சிக்கல், சாட்ஸ்ங்கிற தேசியத் தேர்வு வர்றது இயர் 6ல, அப்போ பிள்ளை மிடில் ஸ்கூல்ல. பட்டியல்ல ஸ்கூல்களை ஒப்பிடறது அந்த மார்க்கை வச்சுத்தான். இயர் 2 சாட்ஸ் 2023ஓட கட்டாயம் இல்லாமப் போச்சு. எழுத்துக்கூட்டிப் படிக்க வைக்கிற இயர் 1 ஃபோனிக்ஸ் செக்ல 40 வார்த்தை, அதுல பாதி அர்த்தமே இல்லாத ஏலியன் வார்த்தை. அந்த மார்க்கையும் வாய்ப்பாட்டு மார்க்கையும் ஸ்கூல்வாரியா ஊருக்கு வெளியிடறதில்லை. ஆக, ஒன்பது வயசு வரைக்கும் சொல்லிக் கொடுத்தது சரியா தப்பான்னு வெளியில யாருக்கும் தெரியாது.

பள்ளிகளை ஆய்வு பண்ற அரசு அமைப்பு ஆஃப்ஸ்டெட், 2024 செப்டம்பர்லயே 'குட்' மாதிரி ஒத்தை வார்த்தைத் தீர்ப்பை நிறுத்திட்டாங்க. சியாம்ஸ்னு சர்ச் ஸ்கூலுக்குத் தனி ஆய்வு ஒண்ணு உண்டு. அது முக்கியமா அந்த ஸ்கூலோட கிறிஸ்தவ நோக்கத்தைப் பார்க்கிறது. எழுத்துக்கூட்டல் நல்லா சொல்லித் தர்றாங்களான்னு அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. நேரா போய் நோட்டைக் கேளுங்க. வருஷக் கடைசியில வேண்டாம், நவம்பர்லயே. ரெண்டு மாச இடைவெளியில ரெண்டு பக்கத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எழுத்தைத் திருப்பிப் போடறது ஏழு வயசு வரைக்கும் சகஜம். அதுக்கு மேலயும் நிக்கலைன்னா சென்கோவை (கற்றல் சிரமம் உள்ள பிள்ளைங்களைக் கவனிக்கிற டீச்சர்) பார்க்கணும்னு எழுதிக் கேளுங்க. வாயால கேட்டது நிக்காது.

விண்ட்சர் அம்மா:
நன்றி சார். ஆனா இதெல்லாம் எனக்குக் காலம் கடந்து போச்சு. சென்கோவும் மிடில் ஸ்கூல்லயே பார்த்துட்டாங்க, இப்போ வாரத்துக்கு மூணு நாள் தனியா உட்கார வச்சுச் சொல்லித் தர்றாங்க.

என்னைக் குடையறது வேற. போன சனிக்கிழமை கடையில அந்த டீச்சரைப் பார்த்தோம். மகள் ஓடிப் போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டா. நல்லா படிக்கிறியான்னு கேட்டாங்க. "ம்"னா. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். நோட்டு இன்னும் அலமாரியிலதான் இருக்கு. கொண்டு போய்க் காட்டினா அவங்க மனசு உடைஞ்சு போயிடுமோன்னு இருக்கு.

விம்போர்ன் தங்கச்சி:
காட்டுங்கோ அக்கா. அவவின்ட வகுப்பில இப்ப வேற பிள்ளையள் இருக்கினம்.