மலிவு ஏர் ரைபிளில் ஸ்கோப்: குறி ஏன் நகருது?

காரைக்குடி_177:
ஸ்பிரிங் வகை 0.177 அங்குல ஏர் ரைபிள், மேலே மலிவான 3-9x40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிசாக் காட்டுற, 40 மி.மீ. முன்லென்ஸ் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி). வளவுல (வீட்டு முற்றத்துல) 10 மீட்டர்ல அட்டை வெச்சுச் சுடத்தான். ஐம்பது குண்டுக்குள்ள குறி 2 செ.மீ. இடப்பக்கம் போயிடுது. ஸ்கோப்பை மாத்தணுமா?

கண்டனூர்_ஊருணி:
அவசரப்படாதீங்க தம்பி. ஸ்பிரிங் துப்பாக்கி முதல்ல பின்னால உதைக்கும், பிஸ்டன் முட்டினதும் முன்னால இழுக்கும். இந்த ரெட்டை உதையிலதான் எல்லாம் தளருது. முதல்ல துப்பாக்கியோட மரக்கட்டையைப் பிடிச்சிருக்கற ஸ்குரூக்களை இறுக்குங்க, பாதிப் பேர் இதைப் பார்க்கறதே இல்ல. அப்புறம் மவுண்ட் (ஸ்கோப்பைத் தாங்குற பிடி) ஸ்குரூக்களைக் கழற்றி, எண்ணெய் துடைச்சு, ஸ்குரூ தளராம இருக்கற நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு முடுக்குங்க. அதுக்கும் நகர்ந்தா ஸ்கோப்பை எடுத்துட்டு துப்பாக்கியிலேயே இருக்கற இரும்புக் குறியில பத்து குண்டு சுடுங்க. அது ஒரே இடத்துல விழுந்தா ஸ்கோப்தான் போச்சு. முன்கையை இறுக்கிப் பிடிக்காம, உள்ளங்கையில சும்மா தாங்குங்க.

தேவகோட்டை_குறி:
மாத்துறதா இருந்தா 10 கெஜம் வரை ஃபோகஸ் இறங்குற ஏஓ (முன்லென்ஸைத் திருப்பி ஃபோகஸ் வைக்கற) ஸ்கோப்பா, ஸ்பிரிங் உதையைத் தாங்குறதா கேட்டு வாங்குங்க. சாதா ஸ்கோப்ல பாராலாக்ஸ் (கண் அசைஞ்சா குறி மாறுற பிழை) 100 கெஜத்துல வராதபடி வெச்சிருப்பாங்க, கிட்டத்துல கண் அசைஞ்சாலே குறி மாறும். ஸ்கோப் திருகுல ஒரு கிளிக் கால் எம்ஓஏ (எம்ஓஏன்னா ஒரு டிகிரியில 60-ல ஒரு பங்கு), அது 10 மீட்டர்ல 0.7 மி.மீ.தான். 2 செ.மீ.க்கு 28 கிளிக் திருப்பணும்.

கண்டனூர்_ஊருணி:
வளவுல கல்தூண் இருக்குமே, ஈயக்குண்டு தெறிச்சுக் கண்ணுக்கு வரும். பின்னால மணல் மூட்டை கட்டாயம். குண்டு வெளிவர்ற ஆற்றல் 20 ஜூலுக்குள்ள இருந்தா 0.177க்கு உரிமம் வேண்டாம், ஆனா கண்மாய்க் கௌதாரி, முயல் பக்கம் திருப்பினா 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.