கேத்திக் குளிரில் காலையில் பிடிக்காத மூன்று சிலிண்டர் டிராக்டர்: பம்பை இறக்க வேண்டுமா?

மணலி வண்டிக்காரர்:

வணக்கம். சென்னை மணலி புதுநகரில் பன்னிரண்டு ஆண்டுகள் தண்ணீர் டேங்கர் இழுத்த எங்கள் மூன்று சிலிண்டர் டிராக்டரை, சென்ற ஆவணியில் நீலகிரி கேத்திக்கு அருகே காரட் பயிரிடும் என் மைத்துனரிடம் கொடுத்தேன். இங்கே மார்கழி விடியலிலும் செல்ஃப் அடித்த உடனே பிடித்துக்கொண்ட வண்டி அது. அங்கே கார்த்திகை பிறந்ததிலிருந்து, புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் காலைகளில், பத்து முறை செல்ஃப் அடித்தாலும் பிடிப்பதில்லை. கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகைதான் வருகிறது. ஒருவழியாகப் பிடித்தாலும் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்கிறது. ஆனால் ஒன்பது மணிக்கு வெயில் ஏறிய பிறகு அரைச் சுற்றில் பிடித்துவிடுகிறது. அங்குள்ள மெக்கானிக் டீசல் பம்பை இறக்கிச் சரிசெய்ய வேண்டும் என்கிறார். அவசரத்துக்கு மைத்துனர் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி ஏர் ஃபில்டர் வாயில் காட்டுவதாகச் சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது.

என்ஜின் ஆயில் இங்கே ஊற்றிய அதே 20டபிள்யூ-40 தரம்தான். ரேடியேட்டரில் எப்போதும் போர் தண்ணீர்தான். கோடையில் சூடு ஏறுகிறது என்று என்ஜின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கழற்றிவிட்டோம். பிடித்த பிறகு அரை மணி நேரம் ஐடிலிலேயே ஓட விடுகிறார். இதில் எது சரி, எது தவறு என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

காசிமேடு படகு ஓட்டுநர்:

அண்ணே, எங்கள் விசைப்படகு என்ஜின்களில் காலையில் பிடிக்கவில்லை என்றால் முதலில் பார்ப்பது டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்பதைத்தான். இரவு முழுவதும் நிற்கும்போது ஏதோ ஒரு வாஷரிலோ பழைய ஹோஸிலோ காற்று இழுத்து, ஃபில்டரில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் டீசலை ஏற்றும் கைப் பம்பை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு அழுத்தில் இறுகினால் லைன் நன்றாக இருக்கிறது. இருபது முறை அழுத்தியும் தளர்வாகவே இருந்தால் காற்றுதான்.

செம்பியம் பழைய மெக்கானிக்:

படகுத் தம்பி சொன்ன சோதனையை எந்த டீசல் வண்டிக்கும் செய்யலாம். ஆனால் இந்த வண்டியில் செல்ஃப் அடிக்கும்போதே வெள்ளைப் புகை வருகிறது. வெள்ளைப் புகை என்பது சிலிண்டரில் தெளிக்கப்பட்ட டீசல் எரியாமல் ஆவியாக வெளியேறுவது. டீசல் வந்து சேருகிறது, அதை எரியவைக்கும் சூடுதான் போதவில்லை. வெயில் ஏறியதும் அரைச் சுற்றில் பிடிக்கும் என்ஜினுக்குப் பம்பை இறக்கச் சொல்வது வீண் செலவு.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்குவதால் பிறக்கும் வெப்பம்தான் டீசலைக் கொளுத்துகிறது. உள்ளே நுழையும் காற்று மணலியில் இருந்ததைவிட 25 டிகிரி குளிர்ந்திருந்தால், அமுக்கி முடிக்கும்போது அந்தக் குறை 60 டிகிரிக்கு மேல் ஆகிவிடுகிறது. அதோடு, 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. குளிரில் ஆயில் கெட்டியாகிச் செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதால், அமுக்கிய காற்றின் சூட்டைச் சில்லென்றிருக்கும் சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது; பிஸ்டன் ரிங் வழியாகவும் காற்று கசிகிறது. டீசல் தாமதமாக, ஒரேயடியாகப் பற்றுவதுதான் நீங்கள் கேட்ட சுத்தியல் சத்தம்.

இப்போது இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயைப் பாருங்கள். அதில் விரல் நீளத்துக்கு ஒரு ஹீட்டர் திருகப்பட்டு, மெல்லிய டீசல் குழாய் ஒன்றும் ஒயர் ஒன்றும் வந்து சேர்கின்றனவா? இருந்தால் சாவியில் ஹீட் நிலையும் இருக்கும். அதில் பதினைந்து, இருபது நொடி பிடித்தால் சுருள் பழுத்து, சொட்டும் டீசல் அங்கேயே பற்றிக்கொள்ளும். பிறகு செல்ஃப் அடிக்கும்போது சூடான காற்று உள்ளே போகும். சென்னையில் இது யாருக்கும் தேவைப்படாததால் ஒயரை வெட்டிவிடுவது இங்கே வழக்கம். ஹீட்டர் வேலை செய்யும் வண்டியில் எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது, மேனிஃபோல்ட் வெடிக்கும். துணி கொளுத்துவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் பற்றினால் டிராக்டரோடு போகாது, பக்கத்தில் நிற்பவரையும் சுடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதுதான் எனக்கு மிகவும் வருத்தமான செய்தி. 82 டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டிய அந்தக் கதவு இல்லாததால், முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. மலைக் குளிரில் அந்த என்ஜின் நாள் முழுவதும் வேலை செய்தாலும் உரிய சூட்டுக்கு வராது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கும். ஆயில் நீர்க்கும், சிலிண்டரின் உட்சுவரான லைனரும் ரிங்கும் தேயும். அரை மணி நேர ஐடிலிங் செய்யும் கேடும் இதுவே. ஆயில் பிரஷர் ஏறியதும் ஆயிரம் சுற்றுக்குச் சற்று மேலே வைத்து இரண்டு, மூன்று நிமிடம் விட்டு, பிறகு சுமையில்லாமல் மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். ஓட்டத்தில்தான் என்ஜின் சீராகச் சூடேறும். ஆயிலைக் குளிரில் அவ்வளவு கெட்டியாகாத 15டபிள்யூ-40க்கு மாற்றுங்கள், செல்ஃப் சுற்றும் வேகத்தில் வித்தியாசம் தெரியும்.

தண்டையார்பேட்டை முன்னாள் ராணுவ ஓட்டுநர்:

லடாக்கின் லே பகுதியில் மூன்று குளிர்காலம் லாரி ஓட்டியவன் என்ற முறையில் தண்ணீர், பேட்டரி, டீசல் ஆகிய மூன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

தண்ணீர் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். அதற்கு இடமில்லாவிட்டால் சிலிண்டர்கள் அடங்கிய என்ஜின் பிளாக்கே பிளக்கும். கேத்தியில் அந்த அளவுக்குப் போகும் இரவுகள் குறைவுதான், ஆனால் ஓர் இரவு போதும். வெறும் தண்ணீர் இருக்கும்வரை இரவில் ரேடியேட்டர், பிளாக் இரண்டின் வடிகுழாய்களையும் திறந்துவிட வேண்டும். திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் காலி என்று நம்பாமல் கம்பியால் குத்திப் பாருங்கள். மணலி, மீஞ்சூர்ப் பக்கத்து உப்புத் தண்ணீர் ஓடிய என்ஜினில் துருச் சேறு வாயை அடைத்திருக்கும். காலையில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றினால் பிளாக் சூடேறி வண்டி எளிதில் பிடிக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விரிசல் விடும். நிரந்தர வழி, உள்ளே நன்றாக அலசிவிட்டுக் கூலன்ட்டும் வாலைநீரும் பாதிக்குப் பாதி ஊற்றுவதுதான். மைனஸ் 35 டிகிரி வரை உறையாது, துருவும் பிடிக்காது.

பேட்டரியைக் கழற்றி இரவில் வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் அங்கே அப்படித்தான் செய்தோம். சார்ஜ் இறங்கிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 10 டிகிரியை ஒட்டி உறையும், முழு சார்ஜில் இருந்தால் உறையாது.

டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும். நம் நாட்டுத் தர அளவு, டீசல் ஓட்டம் நிற்கும் வெப்பநிலைக்குக் கோடையில் 15 டிகிரி, குளிர்காலத்தில் 3 டிகிரி என்று இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. எங்கள் காலத்தில் அது கிடையாது. கோடை எல்லைக்கேற்ற டீசல் மலைக் குளிரில் திரளக்கூடும் என்பதால் இங்கிருந்து கேனில் டீசல் கொடுத்தனுப்பாதீர்கள். மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படி குற்றம், பம்பின் வழவழப்பையும் கெடுக்கும்.

மணலி வண்டிக்காரர்:

அனைவருக்கும் நன்றி. கைப் பம்ப் இரண்டே அழுத்தில் இறுகிவிட்டது, லைனில் காற்று இல்லை. ஹீட்டர் ஒயர் டேப் சுற்றி டேஷ்போர்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்ததாம், இணைத்துவிட்டார்கள். பிளாக் வடிகுழாயைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. சைக்கிள் கம்பியால் குத்தியதும் செங்கல் நிறத்தில் சேறு வழிந்து, பிறகுதான் தண்ணீர் கொட்டியிருக்கிறது. அத்தனை இரவுகளும் பிளாக்கில் தண்ணீர் நின்றிருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. நேற்று காலை 6.20க்கு, இருபது நொடி ஹீட்டர் பிடித்து, இரண்டாவது முறை செல்ஃப் அடித்ததில் வண்டி பிடித்தது. ஜி.பி. ரோட்டில் தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டேன், பொங்கலுக்குப் போகும்போது நானே மாட்டப் போகிறேன். எந்தப் பக்கம் வைத்து மாட்டுவது?

செம்பியம் பழைய மெக்கானிக்:

ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் உள்ள பக்கம் என்ஜினைப் பார்க்க வேண்டும். விளிம்பில் சிறு ஆணி ஆடும் துளை இருந்தால் அது மேலே வரட்டும், உள்ளே சிக்கும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். புது கேஸ்கெட்டும் வாங்கிக்கொண்டு போங்கள். மாட்டுவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, கொதி வருவதற்குள் திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.