சொந்த ஆட்களையும் சொந்த இயந்திரங்களையும் கொண்டு விமான நிலையப் பணி: நம் அனுபவங்கள்

மின்னசோட்டாவிலிருந்து, கவுண்டி பொறியியல் பிரிவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கவுண்டிக்குச் சொந்தமான சிறிய விமான நிலையத்திற்குப் பயணிகள் விமானம் எதுவும் வருவதில்லை. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களும், அவசர நோயாளிகளை ஏற்றிச் செல்லும் விமானங்களும், பறக்கக் கற்றுக்கொள்வோரின் விமானங்களுமே வந்து போகின்றன. இத்தகைய நிலையங்களுக்கு ஏ.ஐ.பி. என்று நாம் சொல்லும் கூட்டாட்சி மானியத்திலிருந்து ஆண்டொன்றுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர் உரிமைத் தொகையாக ஒதுக்கப்படுகிறது. திட்டச் செலவில் 90 விழுக்காட்டை மானியம் ஏற்பதே நெடுங்கால வழக்கம். மீதியை உள்ளூர் நிர்வாகமோ மாநிலமோ கட்ட வேண்டும்.

ஓடுபாதையின் விரிசல்களை அடைக்கும் பணிக்கு டெண்டர் விட்டால், தொலைவிலிருந்து ஆட்களையும் இயந்திரங்களையும் கொண்டுவந்து இறக்கும் செலவே ஒப்பந்ததாரர் கேட்கும் தொகையில் பெரும்பங்காகிவிடுகிறது. எங்கள் சாலைப் பிரிவிடமோ விரிசலை அகலப்படுத்தும் ரூட்டர், சூடான காற்றால் தூசியை ஊதித் தள்ளும் கருவி, அடைப்புப் பொருளை உருக்கும் கெட்டில் ஆகிய மூன்றும் இருக்கின்றன. அவற்றை ஆண்டுதோறும் கையாளும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆகவே ஃபோர்ஸ் அக்கவுண்ட் முறையில், அதாவது எங்கள் சம்பளப் பட்டியலில் உள்ளவர்களைக் கொண்டே, இப்பணியைச் செய்ய கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் வட்டார விமான நிலைய அலுவலகத்திடம் அனுமதி கேட்டோம்.

பணி தொடங்குவதற்கு முன்பே எழுத்து வடிவில் அனுமதி பெற்றாக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்ததாரரைத் தவிர்ப்பதற்கான காரணம், ஆட்கூலி, பொருள், இயந்திரம், மேல்செலவு எனப் பிரித்துக் காட்டிய மதிப்பீடு, இதே வகைப் பணியில் முன்னனுபவம், பொறுப்பேற்பவர்களின் தகுதி ஆகியவற்றுடன், அன்றாட வேலைகளுக்கு நடுவே இதை எந்தக் காலக்கெடுவுக்குள் முடிக்கப்போகிறோம் என்ற அட்டவணையையும் கேட்டார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நாங்கள் அதிகம் உழைத்துப் பதில் தயாரித்தோம். கோடையில் சாலைப் பிரிவின் கைகள் நிறைந்திருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். "நேரம் கிடைக்கும்போது செய்வோம்" என்ற பாங்கில் எழுதினால் அதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

களத்தில் நான் கண்ட பெரிய வேறுபாடு தூய்மையைப் பற்றியது. நெடுஞ்சாலையில் விரிசலைக் கீறும்போது சிதறும் கற்துகள்களை ஓடும் வண்டிகளே ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஓடுபாதையில் ஒரு சிறு கல் கிடந்தாலும் சுழல்விசிறியோ ஜெட் எஞ்சினோ அதை இழுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு நாளும் பாதையைத் திறப்பதற்கு முன் துடைப்பான் வண்டியை ஓட்டி, பிறகு இருவர் நடந்தே பார்த்துவரும்படி விதி வைத்தோம். கட்டுமானக் காலப் பாதுகாப்புத் திட்டம், ஓடுபாதை மூடப்படுவதை விமானிகளுக்குத் தெரிவிக்கும் நோட்டாம் (NOTAM) அறிவிப்பு, மூடிய பாதையின் இரு முனைகளிலும் பெருக்கல் குறி என எதுவும் சொந்த ஆட்கள் என்பதற்காகத் தளர்த்தப்படவில்லை, தளர்த்தவும் கூடாது. சாலைப் பணியாளர்களுக்கு ரேடியோவில் பேசும் முறையைப் பயிற்றுவித்த பிறகே அவர்களை வேலிக்குள் அனுப்பினோம்.

அவர்கள் செய்த வேலையின் தரத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அடுத்த குளிர்காலத்தில் அதே பாதையில் பனி தள்ளப்போகிறவர்களும் அவர்களே ஆதலால், எந்த விரிசல் எப்படி விரியும் என்று அறிந்து அடைத்தார்கள். இதே முறையில் பணி செய்த மற்றவர்களும் எழுதினால், இனி முயல்வோருக்கு உதவியாக இருக்கும்.

ஒஹாயோவிலிருந்து, நகர நிர்வாகக் கணக்குப் பிரிவு

நண்பர் களத்தைப் பற்றி எழுதியதால், எங்கள் விமான நிலைய வேலிப் பணியை வைத்து நான் கணக்கைப் பற்றி எழுதுகிறேன். இம்முறையில் பணம் கைக்கு வருவதும் வராமல் போவதும் பணிநேரச் சீட்டைப் பொறுத்தது என்பது என் அழுத்தமான கருத்து. கூட்டாட்சி மானியங்களுக்கான பொதுச் செலவு விதிகளின்படி, சம்பளத்தைத் திட்டத்தின் மேல் எழுதுவதற்கு உண்மையில் செய்த வேலையைக் காட்டும் பதிவு வேண்டும். முன்கூட்டிப் போட்ட மதிப்பீட்டை மட்டும் ஆதாரமாகக் காட்ட முடியாது. காலையில் நகரச் சாலையில் குழி மூடிவிட்டு மதியம் விமான நிலையத்தில் வேலி நட்ட ஒருவரின் சீட்டில் அவ்விரு வேலைகளும் தனித்தனி நேரமாக, தனித்தனிக் குறியீட்டில் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் சீட்டை வார இறுதியில் நினைவிலிருந்து நிரப்பும் பழக்கம் இருந்தது. திட்டம் தொடங்குவதற்கு முன்பே அதை நிறுத்தி, ஒவ்வொரு நாள் மாலையும் மேற்பார்வையாளர் கையெழுத்திட்டே தீர வேண்டும் என்று மாற்றினோம்.

இயந்திரக் கணக்கு இதைவிட நுணுக்கமானது. சொந்த இயந்திரத்துக்கு வாடகை நிறுவனம் கேட்கும் தொகையை எழுத முடியாது, ஏனெனில் அதில் லாபம் அடங்கியிருக்கிறது. மானியம் பெறும் நிர்வாகம் தன் வேலையில் லாபம் பார்க்க விதி இடம் கொடுப்பதில்லை. எரிபொருள், பழுதுபார்ப்பு, தேய்மானம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கான உண்மைச் செலவைக் கணக்கிட வேண்டும். அந்த இயந்திரமே முன்பு கூட்டாட்சி மானியத்தில் வாங்கப்பட்டதாக இருந்தால், மானியம் கொடுத்த பங்குக்குத் தேய்மானம் கோர முடியாது. பனி அகற்றுவதற்காக 90 விழுக்காட்டு மானியத்தில் வாங்கிய லோடரை வேலிப் பணியில் பயன்படுத்தினோம் என்றால், நகரம் செலுத்திய 10 விழுக்காட்டின் மீதான தேய்மானத்தையும் எரிபொருளையும் பராமரிப்பையும் ஓட்டுநர் சம்பளத்தையும் மட்டுமே எழுதலாம். ஒரே பொருளுக்கு அரசு இரண்டு முறை பணம் கொடுக்கலாகாது என்ற இந்த விதி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எந்த இயந்திரம் எந்தப் பணத்தில் வாங்கப்பட்டது என்ற பதிவேடு பல நகரங்களில் சரியாக இல்லை. மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் அதை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

பொருள் வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஆட்கள் நம்மவர்கள் என்பதால் கம்பியையும் தூணையும் பழகிய கடையில் அப்படியே வாங்கிவிட முடியாது. போட்டி முறையில் விலை கேட்டே வாங்க வேண்டும். எஃகுக்கும் உற்பத்திப் பொருட்களுக்கும் அமெரிக்கத் தயாரிப்பையே வாங்க வேண்டும் என்ற சட்டக் கட்டுப்பாடும் உண்டு.

மிச்சிகனிலிருந்து, நகராட்சிப் பொறியாளர்

எங்கள் நிலைமை சற்று வேறு. மிச்சிகன் தொகுப்பு மானியத் திட்டத்தில் உள்ள மாநிலம், அதாவது சிறு நிலையங்களுக்கான கூட்டாட்சி மானியத்தை எஃப்.ஏ.ஏ.க்குப் பதிலாக மாநிலமே நிர்வகிக்கிறது. ஆகவே எங்களைப் போன்ற சிறு நிலையங்கள் அனுமதிக்கு மாநில வானூர்திப் பிரிவையே அணுக வேண்டும். மேலும் நகராட்சியிடம் மண்வேலைக்கான இயந்திரங்கள் இல்லை. கவுண்டி சாலை ஆணையத்திடம் கிரேடரும் ரோலரும் டிப்பர் லாரிகளும் இருந்தன. இரு அரசு அமைப்புகளுக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் செய்து, அவர்களுடைய ஆட்களைக் கொண்டு விமானக் கொட்டகைகளுக்குச் செல்லும் இணைப்புப் பாதையின் மண்வேலையைச் செய்தோம்.

மண் இறுக்கத்தைச் சோதிக்கும் பொறுப்பை மட்டும் நான் எங்களிடமோ ஆணையத்திடமோ வைத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்ததாரர் வேலை செய்யும்போது நாம் எதிர்ப்பக்கம் நின்று குறை சொல்கிறோம். நம்முடைய ஆட்களே வேலை செய்யும்போது அப்படி நின்று சொல்ல யாரும் இல்லை. வெளியிலிருந்து வந்த சோதனைக்கூடம் ஒரு பகுதி போதிய அளவு இறுகவில்லை என்று அறிக்கை தந்தபோது, சாலை ஆணையத்தின் மேற்பார்வையாளர் வருத்தப்பட்டார். ஆயினும் அந்தப் பகுதியைக் கிளறி, ஈரப்பதத்தைச் சரிசெய்து, மீண்டும் உருட்டிக் கொடுத்தார். அதற்குச் செலவான நேரத்தை யார் ஏற்பது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்ததால் மனக்கசப்பு வளரவில்லை.

மின்னசோட்டா நண்பர் முன் அனுமதியைப் பற்றி எழுதியதை நான் இன்னொரு முறை வலியுறுத்துகிறேன். எனக்குத் தெரிந்த வேறொரு நிலையத்தில், வானிலை நன்றாக இருக்கிறதே என்று அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே வடிகால் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். வேலை குறையில்லாமல் முடிந்தது. எனினும் அந்த நாட்களின் சம்பளமும் டீசலும் முழுவதும் அவர்கள் தலையிலேயே விழுந்தன.

வடிவமைப்பையும் சொந்தப் பொறியாளரே செய்யலாம் என்பது உண்மை. நிலத்தடி விளக்குக் கம்பிகளும் ஓடுபாதை விளக்குகளும் சேர்ந்த திட்டம் என்றால் நான் அதற்கு முன்வரமாட்டேன். வேலி, விரிசல் அடைப்பு, வண்ணக் குறியீடு, எளிய மண்வேலை என்ற அளவில் இம்முறை சிறப்பாக அமைகிறது.

மிசோரியிலிருந்து, புதிய உறுப்பினர்

மூவருக்கும் நன்றி. கூட்டாட்சிப் பணத்தில் நடக்கும் கட்டுமானத்துக்கு வட்டார வழக்கிலுள்ள கூலியைக் கொடுக்கச் சொல்லும் டேவிஸ்-பேகன் சட்டப்படியான கூலி விகிதம் நம் நகராட்சிப் பணியாளர்களுக்கும் பொருந்துமா என்று எங்கள் நகர மேலாளர் கேட்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்ல முடியுமா?

ஒஹாயோவிலிருந்து, நகர நிர்வாகக் கணக்குப் பிரிவு

பொருந்தாது, ஐயா. 1931-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஒப்பந்ததாரர்களிடமும் துணை ஒப்பந்ததாரர்களிடமும் வேலை செய்வோருக்கானது. தன் நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு வேலை செய்யும் உள்ளூர் அரசு அதில் ஒப்பந்ததாரராகக் கருதப்படுவதில்லை. ஆனால் பணியின் ஒரு பகுதியை, எடுத்துக்காட்டாகத் தானியங்கி வாயிற்கதவு பொருத்துவதை, வெளியாருக்குக் கொடுத்து அந்த ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினால், அந்தப் பகுதிக்குச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். வாராந்தரச் சம்பளப் பட்டியலை அவர்களிடமிருந்து வாங்கி வைக்க வேண்டும். உங்கள் மாநிலமும் தொகுப்பு மானிய மாநிலமே என்பதால், மதிப்பீட்டை அனுப்பும்போது இவ்வாறு வெளியே கொடுக்கும் பகுதியைத் தனி வரியாகக் காட்டி மாநில அலுவலகத்தின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தின் வெற்று நகல் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.